இருக்கிறதை வாசிங்க

குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் பியானோ இருக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. விதி வாய் திறக்காத பொருளை யாரும் தொடுவதில்லை என்பது அலுவலக மரபு. ஆகவே அந்தப் பியானோ பல மேலாளர்களை வரவேற்று, வழியனுப்பி, கூடத்தின் மூலையில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது.

கட்டடம் முன்பு நடனப் பள்ளியாக இருந்ததாம். அலுவலகம் குடிவந்தபோது பியானோவை வெளியே எடுக்கத்தான் பார்த்தார்கள். வாசலைவிட அது அகலம். உள்ளே எப்படி வந்தது என்பது தெளிவான பிறகே வெளியே எடுப்பது குறித்து முடிவு செய்யப்படும் என்று அப்போதைய மேலாளர் அறிவித்தார். இன்னும் தெளிவாகவில்லை. அதன் தலைமேல் கோப்புகளை அடுக்கினார்கள். இடம் போதாமல் மூடியைத் திறந்து கட்டைகளின் மேலும் அடுக்கினார்கள். உள்ளே போனவை எல்லாம் 'உடனடி' என்று சிவப்பு மையில் எழுதப்பட்ட கோப்புகள்.

ஒரு காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் தொலைபேசியில் வந்தார். அவர் ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தார். மனிதனை உயர்த்துவது பதவியும் அல்ல, சம்பளமும் அல்ல, பழக்கம்தான் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். செலவில்லாத உயர்வு என்பதால் அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

"நம்ம ஆளுங்க யாருக்கும் வாசிக்கிற பழக்கமே இல்லைய்யா. அடுத்த மாசம் நான் அங்க வருவேன். அப்ப எல்லாரும் வாசிச்சுக்கிட்டிருக்கணும். தினமும் அரை மணி நேரம்."

"கண்டிப்பா ஐயா," என்றார் மேலாளர். "எதை வாசிக்கணும்னு ஒரு வார்த்தை..."

"இருக்கிறதை வாசிங்க. எதுக்கெடுத்தாலும் புதுசா வாங்கித் தரணுமா?"

தொடர்பு அறுந்தது. மேலாளர் எழுந்து கூடத்துக்கு வந்து, வாசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று சுற்றும் முற்றும் பார்த்தார். கோப்புகள் இருந்தன. ஆனால் கோப்பு என்பது நகர்த்துவதற்கானது. அதை வாசித்த ஊழியர் யாரும் அவர் அனுபவத்தில் இல்லை. சுவரில் 'துப்பாதீர்' என்று ஒரு பலகை இருந்தது. மெதுவாக வாசித்தாலும் அரை மணி நேரத்துக்கு இழுக்காது. பிறகுதான் அவர் கண் மூலைக்குப் போனது.

"பியானோவை வாசிக்கச் சொல்றார்," என்றார்.

தட்டச்சு செய்யும் அம்மாள் கையை நிறுத்தினார். "சார், ஒருவேளை புத்தகத்தைச் சொல்லியிருப்பாரோ?"

"புத்தகம்னா படிங்கன்னு சொல்லியிருப்பார். அவர் சொன்னது வாசிங்க. இயக்குநருக்குப் படிக்கிறதுக்கும் வாசிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"எதுக்கும் ஒரு தடவை கேட்டுடலாமே சார்."

"கேட்டா, எனக்குப் புரியலைங்கிறது அவருக்குப் புரிஞ்சிடும்மா."

இந்த வாதத்துக்கு மறுப்பு இல்லை. அன்றே பியானோவிலிருந்து கோப்புகள் இறக்கப்பட்டன. அவற்றை எங்கே வைப்பது என்ற பிரச்சினை எழுந்தது. பொதுமக்கள் உட்காரும் நாற்காலிகளில் வைத்தார்கள். பொதுமக்கள் நின்றார்கள்.

அடுத்து, சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். குடிநீர்த் துறையில் இசை ஆசிரியர் என்று ஒரு பணியிடம் கிடையாது. இருந்த ஒரே காலியிடம் குழாய்ப் பழுது வல்லுநர், தற்காலிகம். அந்தப் பதவியில் ஒரு டீச்சர் சேர்ந்தார். அங்கிருந்த பலருடைய மகளைவிட வயதில் சிறியவர். வேலையில் சேர்ந்த அன்று அவரிடம் ஒரு திருகுச்சாவியும் நீண்ட ரப்பர் காலணிகளும் முறைப்படி ஒப்படைக்கப்பட்டன.

"பெரியவங்க புதுசா கத்துக்கிறப்போ அவசரப்படுவாங்க," என்று டீச்சர் பாடத்தைத் தொடங்கினார். "அதனால முதல் பழக்கம், மெதுவா வாசிக்கிறது."

கூடத்தில் ஒரு நிம்மதி பரவியது.

"எவ்வளவு மெதுவான்னா, தப்பே பண்ண முடியாத அளவுக்கு மெதுவா."

"ஒண்ணுமே பண்ணலைன்னா தப்பே வராதே டீச்சர்," என்றார் கணக்கர்.

"அந்தப் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே வருது சார். அடுத்தது பாருங்க. எடுத்த எடுப்புல ரெண்டு கையையும் சேர்க்கக் கூடாது. வலது கை தனியா, இடது கை தனியா."

"ஒரு கை செய்றது இன்னொரு கைக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதானே?"

"கிட்டத்தட்ட."

"அது எங்களுக்கு நல்ல பழக்கம்," என்றார் கணக்கர் அடக்கத்துடன்.

சில நாட்களில் அலுவலகத்தின் பேச்சே மாறிவிட்டது. சாளரத்துக்கு வந்தவர்களிடம், "நான் இப்ப இடது கையில இருக்கேன், வலது கைக்காரரைப் பாருங்க," என்றார்கள். கூட்டங்களில் மேஜைமேல் விரல்கள் ஓடின. மணிக்கட்டுக்குப் பட்டை வந்தது. முதுகுக்கு மெத்தை வந்தது. மேலாளர் தன் கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டார். தினமும் பயிற்சி செய்தால் அது ஒரு நட்சத்திரம் கொடுக்கும். ஒரு நாள் விட்டாலும் எல்லா நட்சத்திரங்களையும் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே அவர் காலையில் வந்ததும் ஒரே ஒரு கட்டையை ஒரே ஒரு முறை அழுத்துவார். நட்சத்திரம் விழும். அதைப் படம் பிடித்து உறவினர்கள் அனைவருக்கும் அனுப்புவார். "மூளைக்கு ரொம்ப நல்லது," என்று எழுதுவார். எந்த மூளைக்கு என்று அவருடைய மச்சான் ஒருமுறை திருப்பிக் கேட்டார். அதோடு மச்சானுக்கு அனுப்புவது நின்றது.

இந்த அலுவலகத்தில் உண்மையாகவே பியானோவிடம் மாட்டிக்கொண்டவர் ஒருவர்தான். அவர் சாளர எழுத்தர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. ஊர் வைத்த பெயர் நாளைக்குவாங்க. வாய்க்கு வாய் அதைத்தான் சொல்வார். ஆனால் எரிந்து விழ மாட்டார். குரலைத் தாழ்த்தி, 'நா'வைக் கொஞ்சம் நீட்டி, 'வாங்க'வில் மெல்ல இறக்கி வைப்பார். கேட்டவர்கள் ஏதோ கிடைத்த மாதிரியே திரும்பிப் போவார்கள்.

அப்படிப் போய்ப் போய் வந்தவர்களில் ஒரு சலவைக்கடைக்காரம்மாவும் உண்டு. கடைத்தெரு முனையில் இடம் பிடித்து, பலகை மாட்டி, இரண்டு சலவை இயந்திரங்களை இறக்கிவிட்டார். தண்ணீர் இணைப்புதான் வரவில்லை. ஒரு தங்கும் விடுதி தன் படுக்கை விரிப்புகளை எல்லாம் அவரிடமே தருவதாகச் சொல்லியிருந்தது. மாதம் முடிவதற்குள் கடை திறக்காவிட்டால் வேறு ஆளிடம் போய்விடும். அது போனால் கடை போன மாதிரிதான். இயந்திரங்கள் தூசி படாமல் துணி போர்த்திக்கொண்டு கிடந்தன.

விண்ணப்பத்தில் அவர் 'சலவைக்கடை' என்று எழுதியிருந்தார். இடத்தைப் பார்க்க வந்த ஊழியர் தன் அறிக்கையில் 'சலவைகடை' என்று எழுதிவிட்டார். நடுவில் இருந்த 'க்' விழுந்துவிட்டது. பெயர் ஒத்துப்போகாததால் இரண்டும் வேறு வேறு கடைகள் என்று அலுவலகம் முடிவு செய்தது. விண்ணப்பித்த கடையை யாரும் பார்வையிடவில்லை. பார்வையிட்ட கடைக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை. கோப்பு திருப்பி அனுப்பும் பிரிவுக்குப் போய், முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி அதே ஊழியர் வந்தார். அதே மாதிரி எழுதினார். மூன்றாம் சுற்றும் அப்படியே முடிந்தது.

"தப்பு உங்க ஆளு எழுதினதுதானே ஐயா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எழுதினது யாருங்கிறது வேற விஷயம்மா. தப்பு உங்க கோப்புல இருக்கு. நாளைக்கு வாங்க."

அன்று அந்த அம்மா போகவில்லை. நாற்காலியில் இருந்த 'உடனடி' கோப்புகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். நாளைக்குவாங்கவுக்குப் பயிற்சி நேரம். பியானோவுக்கு முன்னால் போய் அமர்ந்தார்.

டீச்சர் அவருக்கு நான்கே வரி கொண்ட ஒரு சின்ன மெட்டைக் கொடுத்திருந்தார். முதல் இரண்டு வரிகளை அவர் எழுத்துக் கூட்டுவதுபோல் வாசித்தார். மூன்றாவது வரியில் மோதிர விரல் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. உடனே நிறுத்தினார். முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி மூன்றாவது வரி. மறுபடி மோதிர விரல். மறுபடி முதல். முதல் இரண்டு வரிகள் கேட்கக் கேட்க மெருகேறின. மூன்றாவது வரி கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"ஐயா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"விண்ணப்பத்தைப் பத்தின்னா நாளைக்கு..."

"விண்ணப்பம் இல்லை. இந்தப் பாட்டு. இதுக்கு முடிவுன்னு ஏதாவது இருக்கா?"

"இருக்கும். நான் இன்னும் அதுவரைக்கும் போனதில்லை."

"எப்படிப் போவீங்க? தடுக்கி விழுந்ததும் எழுந்து வீட்டுக்கே ஓடிப்போய் மறுபடி கிளம்புறீங்க."

"தப்பு வந்தா முதல்லேர்ந்துதானேம்மா ஆரம்பிக்கணும்?"

"அதானே பார்த்தேன். இது என் விண்ணப்பத்தோட ராகம்."

பக்கத்தில் ரப்பர் காலணிகளோடு நின்ற டீச்சர் சிரித்துவிட்டார். "அவங்க சொல்றது சரிதான் சார். பெரியவங்களுக்கு இருக்கிற ரொம்பக் கெட்ட பழக்கமே இதுதான். தப்பு எங்க வந்ததோ, அந்த இடத்தை மட்டும் எடுத்துக்குங்க. அதைச் சரி பண்ணிட்டு, அங்கேர்ந்தே மேல போங்க."

"அப்ப, அதுக்கு முன்னாடி வாசிச்சது?"

"அதுதான் சரியா இருக்கே. அதை எதுக்குத் திரும்பத் தொடறீங்க?"

நாளைக்குவாங்க அவரை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடப் பணியில் இப்படியொரு கருத்தை அவர் கேட்டதே இல்லை.

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் மூன்றாவது வரியை மட்டும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தயவுசெஞ்சு தட்டாதீங்க," என்றார் மனைவி. "யாரோ கதவைத் தட்டறாங்கன்னு எழுந்து எழுந்து போறேன்."

"இதோ, இந்த இடம் மட்டும்தான். வந்துட்டா முடிஞ்சுது."

"நீங்க ஒரு காரியத்தை முடிச்சு நான் பார்த்ததே இல்லையே. உடம்பு ஏதாவது சரியில்லையா?"

வாரம் முடிவதற்குள் மோதிர விரல் வழிக்கு வந்தது. ஒரு காலையில், கூடத்தில் யாரும் இல்லாதபோது, அவர் நான்காவது வரியின் கடைசிக் கட்டைவரை போய்ச் சேர்ந்தார். போன பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சாளரத்தைத் திறந்தபோது முதல் ஆளாகச் சலவைக்கடைக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். நாளைக்குவாங்க கோப்பை எடுத்தார். விண்ணப்பம் சரியாக இருந்தது. வரைபடம் சரியாக இருந்தது. கையெழுத்துகள் சரியாக இருந்தன. ஓர் இடம் மட்டும்தான். பேனாவை எடுத்து, 'வை'க்கும் 'க'வுக்கும் நடுவில் இன்னொரு 'க' நுழைத்து, அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு மேலே போனார். முத்திரை குத்தினார்.

"நாளை..." என்று பழக்கத்தில் தொடங்கிய வாய் நின்றது. "இல்லை. இன்னிக்கு. முடிஞ்சிருச்சு, வாங்கிக்குங்க."

அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "பரவாயில்லை ஐயா, நான் நாளைக்கே வரேன்," என்றார்.

கையில் திணித்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. போகிற போக்கில் பியானோவின் மேல் கிடந்த அழுக்குப் போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். "முதல் துவையல் இதுதான். காசு வேண்டாம்," என்றார். கடை திறந்தது. விடுதியின் விரிப்புகள் வந்து குவிந்தன. இயந்திரங்கள் சுற்றின.

இயக்குநர் வரும் நாளும் வந்தது. கூடவே ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் வந்தார். ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள்.

"எல்லாரும் வாசிக்கிறீங்களா?" என்று இயக்குநர் கணக்கரிடம் கேட்டார்.

"தினமும் ஐயா."

"சமீபத்துல என்ன வாசிச்சீங்க?"

"'வலது கை' முடிச்சுட்டேன் ஐயா. 'இடது கை' பாதியில இருக்கு."

இயக்குநர் ஒரு கணம் யோசித்தார். "நானும் ரெண்டையும் முடிச்சுட்டேன்," என்றார். "எனக்கென்னவோ முதலாவதுதான் பிடிச்சுது. ரெண்டாவதுல கொஞ்சம் இழுவை."

"அனுபவஸ்தர் சொன்னா சரியாத்தான் இருக்கும் ஐயா," என்றார் கணக்கர். அவருக்கும் இடது கை இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

பிறகு மேலாளர் பணிவுடன் முன்னால் வந்து, பியானோவின் மூடியைத் திறந்து, தன் ஒரு கட்டையை ஒரு முறை அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநர் பியானோவைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார், பின் கணக்கரைப் பார்த்தார். என்ன நடந்திருக்கிறது என்பது அவருக்கு மெல்ல விளங்கிற்று.

"நான் வாசிக்கச் சொன்னது..." என்று தொடங்கினார். புகைப்படக்காரர் கருவியைக் கண்ணில் வைத்துக் காத்திருந்தார். "இதைத்தான்," என்று முடித்தார் இயக்குநர். ஒரு முழு அலுவலகம் தன் ஆணையைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று செய்தி வருவதைவிட, சரியாகப் புரிந்துகொண்டது என்று வருவது துறைக்கு நல்லது.

"நல்லா வாசிக்கிறவர் யாராவது இருந்தா உட்காரச் சொல்லுங்க, படம் எடுக்கட்டும்."

நாளைக்குவாங்கவை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவர் உட்கார்ந்தார். முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாவது வரியில், ஆட்கள் பார்க்கிற பதற்றத்தில், மோதிர விரல் பழையபடி சறுக்கியது. அலுவலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முதலுக்குத் திரும்பக் காத்திருந்தது. அவர் திரும்பவில்லை. அந்த இடத்தை மட்டும் சரியாக ஒருமுறை வாசித்தார். அங்கிருந்தே மேலே போனார். கடைசிக் கட்டையில் மெல்ல இறக்கி வைத்தார்.

அந்த மெட்டின் முடிவை அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை. புகைப்படக்காரர் படம் எடுக்க மறந்துவிட்டார்.

"பார்த்தீங்களா, முடிஞ்சிருச்சு," என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. வெளுத்து மடித்த போர்வையுடன் சலவைக்கடைக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். இயக்குநரைப் பார்த்துக் கும்பிட்டார். மனம் நிறைந்து பேசினார். "ஐயா, இவரு தங்கமான மனுஷன். என் கோப்பையும் இப்படியேதான் முடிச்சுக் கொடுத்தாரு. தப்பு இருந்த இடத்துல ஒரே ஒரு 'க்' போட்டாரு. அன்னிக்கே கையில கொடுத்துட்டாரு."

ஒருவரை இதைவிட முழுமையாகக் காட்டிக்கொடுக்க எதிரியால்கூட முடியாது.

"திருத்தினீங்களா?" என்றார் இயக்குநர்.

"ஆமாங்கய்யா."

"நீங்களே?"

"ஆமாங்கய்யா."

"கோப்பைத் திருப்பி அனுப்பி, முதல்லேர்ந்து ஆரம்பிக்கலையா?"

"தப்பு ஒரு இடத்துலதான் இருந்ததுங்கய்யா. மத்ததெல்லாம் சரியா இருந்தது."

"எந்த விதியில அப்படி இருக்கு?"

நாளைக்குவாங்க டீச்சரைப் பார்த்தார். "குழாய்ப் பழுது வல்லுநர் சொன்னாங்கய்யா," என்றார்.

"எல்லாரும் இப்படி அங்கங்கேயே திருத்திக் கொடுத்துட்டா, திருப்பி அனுப்புற பிரிவுல இருக்கிறவங்க எங்க போவாங்க? அவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு இல்லையா?"

அந்தப் பிரிவின் அலுவலர் அங்கேதான் நின்றிருந்தார். அவர் கண்கள் கலங்கின.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் முறைப்படி நடந்தன. டீச்சர் பணியில் சேர்ந்த நாள் முதல் ஒரு குழாயைக்கூடப் பழுதுபார்க்கவில்லை என்பது கண்டுபிடிக்கப்பட்டு, அவர் விடுவிக்கப்பட்டார். நாளைக்குவாங்க ஊருக்கு வெளியே இருந்த குழாய்க் கிடங்குக்கு மாற்றப்பட்டார், விசாரணை தனி. வாசிப்புத் திட்டம் எல்லாக் கிளைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. வாசிக்கையில் பிழை நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற ஒரே ஒரு திருத்தம் மட்டும் சேர்க்கப்பட்டது. இப்போது எல்லா அலுவலகங்களிலும் முதல் இரண்டு வரிகள் மிக இனிமையாகக் கேட்கின்றன. பத்திரிகையில் மேலாளரின் படம் வந்தது. கீழே 'வாசிப்பில் முன்மாதிரி' என்று போட்டிருந்தார்கள். அவர் என்ன வாசித்தார் என்று வாசகர் எவரும் கேட்கவில்லை.

முறைகேடாகக் கொடுத்த இணைப்பைத் துண்டிக்கவும் ஆணை போனது. ஆணையில் பழையபடி 'சலவைகடை' என்று இருந்தது. துண்டிக்கப் போன ஊழியர் பலகையைப் பார்த்தார். 'சலவைக்கடை' என்று இருந்தது. அப்படியொரு கடை அந்தத் தெருவில் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கோப்பு முதலிலிருந்து தொடங்கியது. தண்ணீர் நிற்காமல் வந்தது.

விசாரணைக்கு முந்தைய மாலை நாளைக்குவாங்க அந்தக் கடைக்குப் போனார். மறுநாள் போட்டுக்கொள்ள அவரிடம் இருந்த ஒரே நல்ல வெள்ளைச்சட்டை அங்கே வெளுக்கப் போயிருந்தது. கடையில் கூட்டம். அந்த அம்மா விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே சீட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தார். தட்டிக்கொண்டிருந்தது அந்த நான்கு வரிதான்.

"வாங்கய்யா, வாங்க. உங்களை நினைக்காத நாள் இல்லை," என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தார். சட்டையை எடுத்து, அதில் குத்தியிருந்த துண்டைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். முகம் மாறியது.

"சீட்டுல 'வெள்ளைசட்டை'ன்னு இருக்கு. துண்டுல 'வெள்ளைச்சட்டை'ன்னு இருக்கு. 'ச்' இடிக்குதே ஐயா."

"சீட்டு உங்க கடையில எழுதினதுதானேம்மா?"

"எழுதினது காலையில இருக்கிற பொண்ணு. அது வரணும்."

"எனக்கு நாளைக்குக் காலையில விசாரணை. ஒரு புள்ளிதானேம்மா. இதோ பேனா இருக்கு, நானே..."

"ஐயா, நீங்களே இப்படிச் சொல்லலாமா? ஒரு புள்ளி வெச்சதுக்குத்தானே உங்களைக் கிடங்குல கொண்டுபோய்ப் போட்டாங்க. நான் நாலு பேருக்குத் துணி வெளுக்கிறவ. எனக்கும் ஒரு முறை வேணுமில்லையா?" குரலைத் தாழ்த்தினார். எரிந்து விழவில்லை. "நாளைக்கு வாங்க."

நாளைக்குவாங்க அதைக் காது கொடுத்துக் கேட்டார். 'நா' நீள வேண்டிய அளவு நீண்டது. 'வாங்க' மெல்ல இறங்கியது. எங்கும் பிசிறு இல்லை. அவரே இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை.

"நல்லா வந்திருக்கும்மா," என்றார்.

"தினமும் வந்து கேட்டதுதானே ஐயா," என்றார் அந்த அம்மா.

அவர் தலையாட்டிவிட்டுப் படி இறங்கினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவரவர் சீட்டை வெளியே எடுத்து, புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள்.